‘டோல்ட்’ எழுதினால் மட்டும் அடிக்கோடு விழுகிறதே, ஏன்?

வணக்கம். அலுவலக மின்னஞ்சலில் ‘ஹீ டோல்ட் தட் த ஃபைல் இஸ் ரெடி’ என்று எழுதினால் கணினி அடிக்கோடு போடுகிறது. ‘செட்’ என்று மாற்றினால் போய்விடுகிறது. இரண்டுமே ‘சொன்னார்’தானே? ‘டோல்ட் டு மீ’ போட்டும் பார்த்தாயிற்று, அதற்கும் கோடு. அப்புறம், ‘ஐ கான்ட் டெல் தெம் அபார்ட்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். யாரிடம் எதைச் சொல்ல முடியவில்லையாம்?

பதில் 1:
‘டெல்’ வந்தால் யாரிடம் என்பதும் ஒட்டியே வரவேண்டும்: ‘ஹீ டோல்ட் மீ தட்...’. நடுவில் ‘டு’ கூடாது. ‘ஸே’க்கு ஆள் வேண்டாம், சொல்லியே தீரவேண்டுமென்றால் ‘செட் டு மீ’. தமிழில் ‘என்னிடம்’ என்பதை வேண்டும்போது போட்டு, வேண்டாதபோது விட்டுவிடுகிறோம். அந்தப் பழக்கம்தான் இங்கே இடிக்கிறது.

பதில் 2:
மேலே சொன்னது சரி, ஆனால் ‘டெல் எ லை’, ‘டெல் த ட்ரூத்’, ‘டெல் எ ஸ்டோரி’ எல்லாம் ஆள் இல்லாமலே நிற்கும். ‘காத்திருக்கச் சொன்னார்’ என்பது போன்ற ஏவலுக்கும் ‘டெல்’தான் பொருந்தும்: ‘ஹீ டோல்ட் மீ டு வெயிட்’.

பதில் 3:
இரண்டாவது கேள்விக்கு யாரும் வரவில்லையே! அங்கே பேச்சே கிடையாது. இரட்டையரைப் போல ஒன்றாகத் தெரிபவர்களில் யார் யாரென்று பிரித்தறிய முடியவில்லை என்பதுதான் பொருள். ‘ஐ குட் டெல் ஹீ வாஸ் டயர்ட்’ என்றால், களைத்திருக்கிறார் என்பது பார்த்தாலே தெரிந்தது. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு எண்ணுதல் என்ற பொருளும் உண்டு. வங்கியில் பணம் எண்ணித் தருபவர் ‘டெல்லர்’ ஆனதும், மொத்தத்தில் என்பதற்கு ‘ஆல் டோல்ட்’ வந்ததும் அதனால்தான். ஜெர்மனிலும் ‘ட்சேலன்’ என்றால் எண்ணுவது, ‘எர்ட்சேலன்’ என்றால் கதை சொல்வது.

கேட்டவர்:
கோடு போய்விட்டது, நன்றி. ‘ஷீ டோல்ட் ஆன் மீ’ என்பதில் ‘ஆன்’ எதற்கு?

பதில் 3:
போட்டுக்கொடுத்துவிட்டாள்! பிள்ளைகள் அடிக்கடி சொல்வது. ‘டோல்ட் மீ ஆஃப்’ என்றால் நன்றாகத் திட்டிவிட்டார். ஆனால் ‘த ஸ்ட்ரெயின் இஸ் டெல்லிங் ஆன் ஹிம்’ என்று வந்தால் காட்டிக்கொடுப்பது இல்லை, வேலைப்பளு அவரை வாட்டத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். முன்னால் நிற்பது ஆளா, பளுவா என்று பார்த்துக்கொண்டால் குழப்பம் வராது.