ஊட்டி மலை ரயிலுக்கு இன்னும் நீராவி எஞ்சின் தேவையா?

கொடிமலைக்காரன் (பினாங்கு): குடும்பத்தோடு ஊட்டி போய் வந்தோம். மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர்தான். ரயிலில் ஏறிச் சேர ஏறக்குறைய ஐந்து மணி நேரம்! பஸ்ஸில் போனவர்கள் சாப்பிட்டுத் தூங்கியே எழுந்திருப்பார்கள். நம் பினாங்குக் கொடிமலையில் 2010-ல் பழைய ரயிலை நிறுத்தினார்கள், அடுத்த ஆண்டே புதியது வந்தது. நடு ஸ்டேஷனில் இறங்கி மாறும் தொல்லை போச்சு. அரை மணி நேரப் பயணம் 10 நிமிடத்துக்குள் முடிகிறது. ஊட்டிக்காரர்களுக்கு மட்டும் ஏன் இந்தப் பிடிவாதம்?

செந்தூல்வாசி: அண்ணே, கொடிமலை ரயிலைக் கம்பிவடம் இழுக்கிறது. ஊட்டி ரயில் சொந்த பலத்தில் ஏறுகிறது. கல்லாறு முதல் குன்னூர் வரை 12 அடிக்கு ஓரடி ஏற்றம். வெறும் சக்கரம் வழுக்கிவிடும். அதனால் தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை, அதைக் கவ்வ எஞ்சினுக்கு அடியில் பற்சக்கரம். மொத்தம் நான்கு சிலிண்டர். இரண்டு, சாதாரண சக்கரத்தை ஓட்டும். அங்கே வேலை முடித்த நீராவி வீணாகாமல் மற்ற இரண்டுக்கும் போய்ப் பற்சக்கரத்தைச் சுற்றும். எஞ்சின் பின்னால் நின்று தள்ளுவதைக் கவனித்தீர்களா? பெட்டி எதுவும் கீழே உருண்டுவிடக் கூடாதே என்றுதான். சுவிஸ்காரன் மூளை!

கொடிமலைக்காரன்: கவனித்தேன். குன்னூரில் அதைக் கழற்றிவிட்டு டீசலை மாட்டியதையும் கவனித்தேன். பாரம்பரியம் பாதி வழியோடு சரியா? அதுவும் நாங்கள் போன எஞ்சின் எரித்தது நிலக்கரி அல்ல, ஆயில்.

ரயிலடி ராணி (பட்டர்வொர்த்): குன்னூருக்கு மேல் ஏற்றம் குறைவு, பல் பட்டையே கிடையாது. டீசல் போதும். ஆயிலுக்கு மாறியதிலும் நியாயம் இருக்கிறது: கோடையில் நிலக்கரிப் பொறி பறந்தால் காடு பற்றிக்கொள்ளும். ஆனால் ஒன்று, இப்போது ஓடுகிற சில எஞ்சின்கள் 2011-லிருந்து திருச்சி பொன்மலைப் பணிமனையில் புதிதாகச் செய்தவை. நம் கொடிமலைப் பெட்டியும் அதே வயசுதான்.

கொடிமலைக்காரன்: அப்படிப் போடுங்கள்! பேரனுக்குத் தாத்தா வேட்டியைக் கட்டிவிட்டுப் பழசு என்று காசு வாங்குகிறார்கள்.

செந்தூல்வாசி: இல்லை. யுனெஸ்கோ 2005-ல் பட்டியலில் சேர்த்தது தனி எஞ்சினை அல்ல, முழுப் பாதையை. அப்புறம், எஞ்சின் புதுசாக இருந்தால் என்ன? அதைச் செய்யத் தெரிந்த கை இன்னும் இருக்கிறதே. என் தாத்தா கோலாலம்பூர் செந்தூல் ரயில் பட்டறையில் பாய்லர் வேலை பார்த்தவர். அந்த வேலை எங்கள் வீட்டில் அவரோடு முடிந்தது. பொன்மலையில் முடியவில்லை.

கொடிமலைக்காரன்: அது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கை பழகுவதற்காக என் அம்மா ஐந்து மணி நேரம் மர பெஞ்சில் உட்கார வேண்டுமா?

ரயிலடி ராணி: அம்மாவைக் குன்னூர் வரை காரில் கூட்டிப்போய், அங்கிருந்து ரயிலேற்றுங்கள். நீங்கள் கேட்ட டீசல்தான்.