மறு: கிராஸ்டாக்குக்குத் தமிழ் – குறுக்குப் பேச்சு வேண்டாமே

வணக்கம் நண்பர்களே,

> அகராதியிலேயே 'குறுக்குப் பேச்சு' இருக்கிறதே, புதிதாக எதற்கு?

கிராஸ்டாக் என்றால், ஒரு அலைவரிசையில் போகும் பேச்சு இன்னொன்றின் பதிவிலும் கேட்பது. ஒலித் தடயவியல் (ஒலிப்பதிவை ஆராய்ந்து துப்பறிவது) கட்டுரைக்கு 'குறுக்குப் பேச்சு' ஒத்துவராது, அதனால்தான். குறுக்கே பேசினார் என்றால், இன்னொருவர் பேச்சில் வேண்டுமென்றே புகுந்தார் என்றுதான் நமக்குப் படும். இங்கே யாரும் யாரையும் மறிக்கவில்லை.

அமெரிக்காவின் டாலஸ் நகரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1963 நவம்பர் 22 அன்று அதிபர் கென்னடி அங்கே சுடப்பட்டபோது நகரப் போலீஸ் வானொலியில் இரண்டு அலைவரிசைகள்: ஒன்று அன்றாட வேலைக்கு, மற்றது அதிபர் ஊர்வலத்துக்கு. எங்கோ ஒரு போலீஸ் மைக்கின் பொத்தான் சிக்கிக்கொண்டதில், முதல் அலைவரிசையில் சில நிமிடங்களுக்கு மோட்டார் சைக்கிள் இரைச்சல்தான் பதிவானது. அதற்குள் புதைந்திருந்த துடிப்புகளில் (சட்டென்று வந்து மறையும் ஒலிகளில்) ஒன்று, சாலையோரப் புல்மேட்டிலிருந்து இன்னொருவர் சுட்ட வெடி, அதற்கு 95 சதவீத வாய்ப்பு என்று 1978 டிசம்பரில் ஒலி நிபுணர்கள் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார்கள். சுட்டவர் இருவர் என்ற வாதத்துக்கு அதைவிடப் பெரிய பலம் கிடைத்ததில்லை.

அதைக் கவிழ்த்தது ஒரு கசிவு. அந்தத் துடிப்புகள் இருக்கும் அதே இடத்தில் அந்த வட்டாரக் காவல் தலைவரான ஷெரிஃப் டெக்கரின் குரல் மங்கலாகக் கேட்கிறது. அவர் பேசியது இரண்டாவது அலைவரிசையில், அதுவும் சுட்டு முடிந்து ஏறக்குறைய ஒரு நிமிடம் கழித்து. முதலில் இதைக் கண்டுபிடித்தவர் நிபுணர் அல்லர். பத்திரிகையோடு வந்த பிளாஸ்டிக் இசைத்தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்ட, ஒஹையோவைச் சேர்ந்த ஒரு டிரம் கலைஞர்! 1982இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகக் குழுவும் அதை ஏற்றது: அப்படியானால் அந்தத் துடிப்புகள் கென்னடியைச் சுட்ட வெடிகளாக இருக்க முடியாது.

ஒரு போலீஸ் வண்டியின் ஒலிபெருக்கியில் வந்த இரண்டாவது அலைவரிசைப் பேச்சு திறந்திருந்த மைக்குக்குள் போய்விட்டது என்பதுதான் வழக்கமான விளக்கம். போனது கசிந்துதானே? ஆகவே நிகழ்வுக்கு 'ஒலிக்கசிவு', பதிவில் கேட்கும் துண்டுக்கு 'கசிவொலி' என்கிறேன். அந்தக் குழுவின் முடிவை மறுத்து 2001இல் வந்த கட்டுரை வேறொரு துண்டைப் பிடித்துக்கொண்டு காலத்தைக் கணக்கிட்டது. எந்தக் கசிவொலியை நம்புவது என்பதுதான் அப்புறம் நடந்த சண்டையே. இந்த வாக்கியத்தில் 'குறுக்குப் பேச்சு' என்று போட்டுப் பாருங்கள், நிற்காது.

> ஊடொலி?

அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊடுகதிர் பழகிய கண்ணுக்கு, எதையோ துளைத்துப் போகும் ஒலி என்று தோன்றும்.

மேலே இம்பல்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் 'துடிப்பு' என்று எழுதியிருக்கிறேன். இயற்பியல் பாடநூலின் 'கணத்தாக்கு' விசையைப் பற்றியது, இங்கே ஒட்டாது. வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள்.