கங்கோங் தண்டும் லிம் குடும்பமும்

ஈசூன்வாசி:

எதிர்வீட்டு லிம் ஆண்ட்டிக்கு எண்பது வயதுக்கு மேல். எனக்கு ஹொக்கியன் தெரியாது, அவருக்கு ஆங்கிலம் ஒட்டாது. இருபது வருடங்களாக ஓட்டை மலாயில்தான் எங்கள் நட்பு ஓடுகிறது. போன மாதம் நடைவழியில் உட்கார்ந்து இருவரும் கங்கோங் ஆய்ந்துகொண்டிருந்தோம். ஊரில் வள்ளைக்கீரை என்பார்களே, அதுதான். ஆண்ட்டி ஒரு தண்டை ஒடித்து, அதன் துளையை என் கண்ணுக்கு நேராகப் பிடித்து, "கோசோங்" என்றார். பிறகு தன் நெஞ்சைத் தட்டி, எங்கள் முன்னோருக்கும் இப்படித்தான், உள்ளே காலி என்று சைகை செய்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாலையில் பேத்தி வந்து மொழிபெயர்த்த பிறகுதான் பொருள் புரிந்தது.

முன்னோரின் பெயர் பி கான். பழைய சீனாவை ஆண்ட ஷாங் வம்சத்தின் கடைசி அரசனுக்குச் சிற்றப்பன் முறை. கொடுங்கோலனாகிவிட்ட அரசனிடம் மூன்று நாள் விடாமல் புத்தி சொல்லியிருக்கிறார். "ஞானியின் இதயத்தில் ஏழு துளை இருக்குமாமே, பார்த்துவிடுவோம்" என்று அரசன் அவருடைய நெஞ்சைப் பிளந்துவிட்டான். இதுவரை பழைய நூல்களிலேயே இருக்கிறது. மீதியைச் சேர்த்தவர்கள் கதைசொல்லிகள். இதயம் போன பின்னும் பி கான் குதிரையேறி வருகிறார். வழியில் ஒரு கீரைக்காரி. "உள்ளே ஒன்றுமில்லாத கீரை பிழைத்துக்கொள்கிறது. இதயமில்லாத மனிதன் பிழைப்பானா?" என்று கேட்கிறார். "செத்துப்போவான்" என்கிறாள் அவள். அங்கேயே விழுந்து இறக்கிறார்.

"பிழைப்பான் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவளுக்கு என்ன குறைந்துவிடும்?" மூவாயிரம் வருடம் கழித்தும் ஆண்ட்டிக்கு அந்தக் கீரைக்காரி மேல் கோபம் தீரவில்லை.

பி கானின் மனைவி அப்போது கர்ப்பிணி. காட்டுக்குத் தப்பியோடி, ஒரு கற்குகையில் ஆண் குழந்தை பெற்றாள். கி.மு. 1046 வாக்கில் முயே போரில் ஷாங் வீழ்ந்தது. வென்ற சௌ வம்சத்து வூ மன்னர், காட்டில் பிறந்த பிள்ளைக்குக் காட்டையே குடும்பப் பெயராகக் கொடுத்தார். அதுதான் 'லின்'. ஹொக்கியனில் லிம், கான்டனீஸில் லாம். ஆண்ட்டி ஈரவிரலால் தரையில் எழுதிக் காட்டினார்: ஒரு மரம், பக்கத்தில் இன்னொரு மரம். அவ்வளவுதான் எழுத்து. நான் தலையாட்டி முடிப்பதற்குள் காய்ந்துவிட்டது.

ஹெனான் மாகாணம் வெய்ஹுய்யில் பி கானுக்குக் கோயில் இருக்கிறது. ஆண்ட்டியின் மகன் அங்கே எடுத்த படம் அவருடைய சாமி மாடத்தருகே மாட்டியிருக்கிறது. பி கானைச் செல்வத்தின் கடவுளாகவும் கும்பிடுகிறார்கள். இதயமே இல்லாதவர் யார் பக்கமும் சாயமாட்டார், பங்கு சரியாகப் பிரிப்பார் என்பது கணக்கு!

கடலோடி:

லிம் என்றதும் நினைவுக்கு வருகிறது. சில வருடங்களுக்கு முன் எங்கள் சரக்குக் கப்பல் ஃபூஜியான் கரையில் புத்தியான் பக்கம் நின்றது. உள்ளூர் ஏஜென்ட்டின் குடும்பப் பெயர் லின். ஓய்வு நாளில் "என் அத்தைப்பாட்டியைப் பார்க்கலாம், வாருங்கள்" என்று படகில் மெய்ஜோ தீவுக்கு அழைத்துப்போனார். ஏதோ வயதான உறவினர் என்று நினைத்துப் பழமெல்லாம் வாங்கிக்கொண்டு போனேன். போய் நின்ற இடம் கடல் தெய்வமான மாட்சுவின் கோயில்!

மாட்சு கி.பி. 960இல் லின் குடும்பத்தில் பிறந்தவராம். பிறந்து ஒரு மாதம் அழவே இல்லை என்பதால் 'மௌனப் பெண்' என்று பொருள்படப் பெயர் வைத்தார்கள். லின் வம்சத்தாருக்கு அவர் அத்தைப்பாட்டி முறை. மற்றவர்கள் கும்பிட்டுக் கீழே விழுகிறார்கள், ஏஜென்ட்டோ பாட்டி வீட்டுக்கு வந்தவர்போலச் சாவகாசமாக நிற்கிறார். தீவில் சில பெண்கள் பாய்மரம் போலத் தலைமுடியைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள், அதுவும் மாட்சுவின் நினைவாகத்தான். வாங்கிய பழத்தை அங்கேயே படைத்துவிட்டேன். கடலில் பிழைப்பவனுக்கு எந்த அத்தைப்பாட்டியும் வேண்டாதவரல்ல.

பழம்பஞ்சாங்கம்:

கதையைக் கெடுக்க வரவில்லை, ஆனால் சொல்லாமலும் இருக்க முடியவில்லை. ஹாங்காங்கில் வேலை பார்த்தபோது லாம் என்ற சக ஊழியர் தம் வம்சாவளி ஏட்டைக் காட்டினார். முதல் பக்கத்தில் பி கான், கடைசிப் பக்கத்தில் அவருடைய தாத்தா. நடுவில் மகள்களின் பெயர் ஒன்றுகூட இல்லை. இத்தனைக்கும் சீன மொழியில் குலப்பெயரைக் குறிக்கும் எழுத்தே 'பெண்', 'பிறப்பு' என்ற இரண்டும் சேர்ந்தது. ஜி, ஜியாங், யாவ் போன்ற மிகப் பழைய குலப்பெயர்களின் எழுத்துகளிலும் 'பெண்' இருக்கிறாள்.

பி கானின் பிள்ளையிடமிருந்து லின் பெயர் வந்த கதையை கி.பி. 812இல் தொகுத்த குலப்பெயர் நூலில் எழுதிவைத்தவர் லின் பாவ். பெயரைக் கவனியுங்கள், அவரும் லின்! 12ஆம் நூற்றாண்டு அறிஞர் செங் சியாவ் இதை ஏற்கவில்லை. குலப்பெயர்களுக்கே நூல் தொகுத்தவருக்குத் தன் பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லையே என்று கிண்டல் செய்தார். சௌ வம்சத்துப் பிங் மன்னரின் மகன் லின் காய் வழியில்தான் இந்தப் பெயர் வந்தது என்பது அவர் கட்சி. பிங் மன்னரின் ஆட்சி கி.மு. 770இல் தொடங்குகிறது. அப்படியானால் கதை சுமார் முந்நூறு வருடம் பிந்திவிடும், காடும் குகையும் கழன்றுவிடும். வேடிக்கை என்னவென்றால், செங் சியாவும் கடலோடி சொன்ன அதே புத்தியான் ஊர்க்காரர். எனக்கு அவர் பக்கம்தான் கொஞ்சம் சாய்வு.

ஈசூன்வாசி:

பேத்தியை வைத்துக்கொண்டு நேற்று இதை ஆண்ட்டியிடம் சொன்னேன். மறுத்தவர் யார் என்றார். பேத்தி பெயரைச் சொன்னாள். "செங்கா? நம் பேச்சில் அது டே அல்லவா? டே வீட்டுக்காரருக்கு லிம் வீட்டு விஷயம் எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டு, ஆய்ந்து வைத்திருந்த கங்கோங்கில் பாதியை என் பக்கம் தள்ளினார்.