நெட்டலை: ஆழிப்பேரலைக்கு மாற்றாக ஒரு சொல்

வணக்கம் அண்ணே. காரைக்குடிப் பிள்ளைகளுக்காகத் தொகுக்கிற சொற்பட்டியலில் சுனாமிக்கு நேரே 'ஆழிப்பேரலை' என்று போட்டிருக்கிறீர்கள். அழகான சொல்தான். ஆனால் 'பேரலை' என்றதும் படிக்கிற பிள்ளை உயரத்தைத்தான் நினைக்கும். கடும்புயலில் காற்று எழுப்பும் அலையே பத்து மீட்டரைத் தாண்டும். சுனாமியோ ஆழ்கடலில் பெரும்பாலும் ஒரு மீட்டர்கூட எழும்பாது. கப்பலில் இருப்பவருக்கு அது கடந்து போனதே தெரியாது.

வேறுபாடு நீளத்தில் இருக்கிறது. காற்று எழுப்பும் அலையில் முகட்டுக்கு முகடு நூறு, இருநூறு மீட்டர். அதன் அசைவு அந்த நீளத்தில் பாதி ஆழத்துக்குள் அடங்கிவிடும். நம் ஊரணியில் ஆடிக் காற்று அடிக்கும்போது பாருங்கள்: மேற்படியில் நீர் தளும்பும், நாலு படி கீழே பாசி அசையாது. சுனாமியில் கடல்தரையே தூக்கிக்கொடுப்பதால் அடியிலிருந்து மேல்மட்டம்வரை மொத்த நீரும் நகர்கிறது. முகட்டுக்கு முகடு நூறு கிலோமீட்டருக்கு மேல் போகும். 4,000 மீட்டர் ஆழத்தில் வேகம் மணிக்குச் சுமார் 700 கிலோமீட்டர். 2004 டிசம்பர் 26 அன்று நம் நேரப்படி காலை ஆறரை மணிவாக்கில் சுமத்ரா அருகே நிலம் நடுங்கியது. ஒன்பது மணியளவில் நாகப்பட்டினத்தில் நீர் ஏறிவிட்டது.

கரைக்கு வந்தபின்தான் கொடுமை. ஆழம் குறையக் குறைய முன்னால் போகும் நீர் வேகம் தளர்கிறது, பின்னால் வருவது அதன்மேல் நெருக்கி உயர்கிறது. காற்றலை சில நொடிகளில் உடைந்து திரும்பிவிடும். இது பல நிமிடம் உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும். இடுப்பளவு நீரே ஆளை அடித்துப்போவது அதனால்தான்.

ஆகவே 'நெட்டலை' என்கிறேன். நெட்டெழுத்து, நெட்டுயிர்ப்பு போல. ஆச்சி சொன்ன 'கடற்கோள்' எனக்கும் பிடித்த சொல். பூம்புகாரை விட்டு நகரத்தார் இங்கே வந்ததற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். ஆனால் அது நிலம் கடலுக்குள் போவதைக் குறிக்கும், அலையை அல்ல. 'நிலநடுக்க அலை'யும் போதாது. 1883இல் கிரக்கத்தோவா எரிமலை வெடித்தும் சுனாமி வந்தது.

ஓதமும், அதாவது கடல் நாள்தோறும் ஏறி இறங்குவதும், நெட்டலைதானே என்று கேட்பீர்கள். ஆமாம், அது சரிதான். அதனால் நெட்டலையைப் பொதுப்பெயராக வைத்து, அதன்கீழ் ஓதம், சுனாமி இரண்டையும் தரலாம். 'சுனாமி' மக்கள் வாயில் ஊறிவிட்டது, அப்படியே இருக்கட்டும். எதிர்ப்பதமாகக் 'காற்றலை' வேண்டாம், வானொலிக்குப் பழகிவிட்டது. 'காற்றெழு அலை' என்று போடலாமா? அப்புறம், படம் வரைபவரிடம் கடல்தரையையும் சேர்த்து வரையச் சொல்லுங்கள்.