வெளிநாடு கிளம்பும் பிள்ளைகளுக்கு: ஒரு கோழிக் குழம்பு, ஒரு துவரன்

எங்கள் தெருவிலிருந்து மட்டும் இந்த வருடம் மூன்று பேர் வெளிநாடு போகிறார்கள். இரண்டு பேர் படிக்க, ஒருத்தி கல்யாணமாகி. மூன்று வீட்டு அம்மாக்களும் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "பிள்ளை அங்கே போய் என்னத்தைச் சாப்பிடும்?" நான் ஒன்பது வருடம் ஜெர்மனியில் இருந்துவிட்டுப் போன வருடம்தான் தென்காசிப் பக்கத்துச் செங்கோட்டைக்குத் திரும்பினேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன். புதிதாகப் போய் இறங்கியிருக்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும்.

நான் போனபோது பெட்டியில் பாதி இடம் பொடிகளுக்கே போனது. சாம்பார்ப் பொடி, ரசப்பொடி, கறிமசால் பொடி, இட்லிப் பொடி, பருப்புப் பொடி. சமைக்க மட்டும் தெரியாது. முதல் இரண்டு மாதம் ரொட்டியும் நூடுல்ஸுமாகவே ஓடியது. எனக்கு வேண்டிய நேரத்தில் அந்தக் கறிமசாலில் வாசம் போய்விட்டிருந்தது. அரைத்த பொடி சில மாதங்களில் மணம் இழந்துவிடும், முழுக் கொத்தமல்லியும் முழு மிளகும் அதைவிட எவ்வளவோ நாள் தாங்கும். அதனால் முதலில் சொல்வது இதுதான்: பொடியைச் சுமந்து போகாதீர்கள், வறுத்து அரைக்கக் கற்றுக்கொண்டு போங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு இது கஷ்டமே இல்லை. 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டை திருவிதாங்கூர் பக்கம்தானே இருந்தது. என் ஆச்சி பிறந்தது அந்தச் சமஸ்தானத்தில். அவள் அடுப்பில் ஒரு நாள் தீயலும் (வறுத்த தேங்காய் அரைத்த புளிக்குழம்பு) துவரனும் (தேங்காய் போட்ட பொரியல்), மறுநாள் திருநெல்வேலிச் சொதி (தேங்காய்ப்பால் குழம்பு). பக்கத்துப் பிரானூர் பார்டரில் பரோட்டாவுக்கு ஊற்றுகிற கோழிச் சால்னாவும் நமக்குச் சொந்தம், புளியரை தாண்டிக் கேரளத்துக்குள் போனால் கிடைக்கிற வறுத்தரைச்ச கறியும் சொந்தம். இரண்டு பக்கத்துச் சமையலுக்கும் அடிப்படை ஒன்றுதான்: தேங்காய், மல்லி, மிளகாய், மிளகு, தேங்காய் எண்ணெய். இந்த ஐந்தும் உலகத்தில் அநேகமாக எல்லாப் பெரிய ஊரிலும் கிடைக்கின்றன.

சரி, குழம்புக்கு வருவோம். இரண்டு பேருக்கு இரண்டு வேளைக்கு அரைக் கிலோவிலிருந்து அறுநூறு கிராம் வரை கோழி போதும். அங்கே சூப்பர் மார்க்கெட்டில் கண்ணுக்கு முன்னால் அடுக்கியிருப்பது எலும்பில்லாத நெஞ்சுக்கறி. அதை எடுக்காதீர்கள். குழம்பில் கொதித்தால் சக்கையாகிவிடும். தொடை, கால் பாருங்கள், பெரும்பாலும் விலையும் குறைவு. தோலை உரித்துவிட்டு மூட்டில் கத்தியை வைத்தால் எளிதாகப் பிரியும். துருக்கிக் கடைகளில் ஹலால் கோழி இருக்கும். கேட்டால் பல கடைகளில் துண்டு போட்டும் தருவார்கள்.

சின்ன வாணலியில் இரண்டு டீஸ்பூன் தேங்காய் எண்ணெய். அதில் இரண்டு மேசைக்கரண்டி மல்லி, ஐந்தாறு வற்றல் மிளகாய், ஒரு டீஸ்பூன் மிளகு, அரை டீஸ்பூன் சோம்பு, நாலைந்து சின்ன வெங்காயம், ஒரு கொத்துக் கருவேப்பிலை, கடைசியில் அரை கப் தேங்காய்த் துருவல். தீ குறைவாகவே இருக்கட்டும். இந்த இடத்தில்தான் அவசரப்பட்டு எல்லோரும் தோற்கிறோம். தேங்காய் முதலில் ஈரம் விடும், அப்புறம் வெளிர் மஞ்சளாகும், பிறகு திடீரென்று நிறம் ஏறும். பழைய கூரை ஓட்டு நிறம் வந்ததும் இறக்கி உடனே வேறு தட்டில் கொட்டிவிடுங்கள். வாணலியிலேயே விட்டால் அந்தச் சூட்டிலேயே கருகிக் கசந்துவிடும். பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும், கரண்டியை விட்டு நகரக் கூடாது. ஆறியதும் கொஞ்சம் தண்ணீர் விட்டு மையாக அரைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பாத்திரத்தில் எண்ணெய் விட்டு ஒரு பெரிய வெங்காயத்தையும் ஒரு மேசைக்கரண்டி இஞ்சி பூண்டு விழுதையும் பச்சை வாசம் போக வதக்கி, ஒரு தக்காளி, அரை டீஸ்பூன் மஞ்சள் தூள், உப்பு, அப்புறம் கோழி. கோழி தன் தண்ணீரை விட்டு அது வற்றுகிற வரை பிரட்ட வேண்டும். பிறகு ஒன்றரை டம்ளர் தண்ணீர் ஊற்றி மூடி இருபத்தைந்து நிமிடம். அரைத்த விழுதைச் சேர்த்து இன்னும் பத்து நிமிடம், ஓரத்தில் எண்ணெய் மிதக்கும் வரை. அடுப்பை அணைத்ததும் ஒரு டீஸ்பூன் பச்சைத் தேங்காய் எண்ணெயும் கருவேப்பிலையும் போட்டு மூடி வைத்துவிட்டுக் குளிக்கப் போங்கள். திரும்பி வந்து மூடியைத் திறக்கும்போது வீட்டு வாசம் வரும். எனக்கு முதல் தடவை சரியாக வந்த அன்று தட்டோடு சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டே சாப்பிட்டேன். மூன்றாவது மாதம் அது.

இதற்குத் துணையாக ஒரு துவரன். முட்டைக்கோஸ் எங்கேயும் மலிவு. பொடியாக அரிந்து, கடுகு, வற்றல் மிளகாய் தாளித்து, தண்ணீர் விடாமல் மூடி ஆறேழு நிமிடம். தேங்காய், சீரகம், பச்சை மிளகாய், ஒரு பல் பூண்டு ஆகியவற்றை ஒன்றிரண்டாகச் சதைத்துப் போட்டு ஒரு பிரட்டு, அவ்வளவுதான். உறைய வைத்த பீன்ஸ், பசலை, கேரட் எல்லாவற்றுக்கும் இதே முறை. ஜெர்மனிக்குப் போகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: நூக்கோல் அங்கே மலை மாதிரி குவிந்து கிடக்கும், சாம்பாருக்கும் கூட்டுக்கும் அருமை. புடலங்காய், சுரைக்காய்க்குப் பதில் சுக்கினி போடலாம், ஆனால் சீக்கிரம் குழைந்துவிடும் என்பதால் பருப்பு வெந்த பிறகுதான் சேர்க்க வேண்டும். பூசணிக்காய் கிடைத்தால் தட்டைப்பயறு போட்டு எரிசேரி (தேங்காய் சேர்த்த கேரளக் கூட்டு) வையுங்கள். பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து லாரி ஏறி மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துக்குப் போகிற காய் எல்லாம் அங்கே வேண்டும் என்று நினைக்காதீர்கள். அந்த ஊரில் அந்த மாதம் எது மலிவோ அதுதான் உங்கள் காய்.

இதுவரை எழுதியதை முதலில் படித்துவிட்டுச் சிலர் கேட்ட கேள்விகளுக்கும் இங்கேயே பதில் சொல்கிறேன்.

தேங்காயும் கருவேப்பிலையும் எங்கே வாங்குவது என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். ஈழத்தமிழர் கடையைத் தேடுங்கள். ஜெர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, லண்டன், டொராண்டோ என்று அவர்கள் இருக்கும் இடமெல்லாம் கடையும் இருக்கும். உறைய வைத்த தேங்காய்த் துருவல், முருங்கைக்காய், பச்சைக் கருவேப்பிலை எல்லாம் அங்கே கிடைக்கும். கருவேப்பிலையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்தால் மாதக்கணக்கில் வரும். நிறம் கறுக்கும், வாசம் இருக்கும். அங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்கள் மிளகாய்த்தூள் என்று சொல்வது பல நேரம் வெறும் மிளகாய் இல்லை, மல்லி, மிளகு, சோம்பு, சீரகம் எல்லாம் வறுத்துச் சேர்த்து இடித்த கறித்தூள். நான் அது தெரியாமல் வாங்கி வந்து துவரனில் போட்டுவிட்டேன். வறுக்க நேரமில்லாத நாளில் அந்தத் தூளையும் கொஞ்சம் தேங்காய்ப் பாலையும் வைத்தே கோழிக் குழம்பை முடித்துவிடலாம். கடையில் இருந்த அக்காதான் எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தார். நாம் துவரன் என்பதை அவர்கள் வறை என்கிறார்கள். பேச்சுக் கொடுங்கள், புது ஊரில் தமிழ் கேட்கவும் ஓர் இடம் வேண்டும்தானே.

நாட்டுக்கோழி கிடைக்குமா என்பது அடுத்த கேள்வி. ஜெர்மனியில் சுப்பன்ஹூன் என்று சூப்புக் கோழி விற்பார்கள், பெரும்பாலும் ஃப்ரீசர் பகுதியில் இருக்கும். முட்டையிட்டு ஓய்ந்த கோழி. கறி கெட்டியாக இருக்கும், வேக ஒன்றரை மணி நேரத்துக்கு மேலேயே ஆகும், குக்கரில் என்றால் முக்கால் மணி. நம் நாட்டுக்கோழிச் சாறின் ருசிக்கு மிக அருகில் வருவது அதுதான். சளி பிடித்த நாளில் மிளகு தட்டிப் போட்டு வைத்துக் குடியுங்கள்.

அப்புறம் கோழியைக் கழுவுவது. ஊரில் மஞ்சள் போட்டு மூன்று தண்ணீர் கழுவாமல் யாரும் கறியைத் தொடமாட்டோம். பொட்டலத்தில் வருகிற கோழி சுத்தம் செய்துதான் வருகிறது. அதைக் குழாயடியில் பிடித்தால் தெறிக்கிற தண்ணீரோடு கிருமிகள் சுற்றிலும் இருக்கும் பாத்திரத்தில் ஒட்டும் என்று பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் உணவுப் பாதுகாப்புத் துறைகளே கழுவ வேண்டாம் என்கின்றன. காகிதத் துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு மஞ்சளும் உப்பும் பிசறி வையுங்கள். பலகையையும் கத்தியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். என் அம்மாவை இதற்குச் சம்மதிக்க வைக்க முடியவில்லை, ஆனாலும் இதைச் சொல்ல வேண்டியது என் கடமை. சமைத்த குழம்பை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும், மூன்று நான்கு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். கூடுதலாக இருந்தால் அன்றைக்கே பிரித்து ஃப்ரீசருக்கு அனுப்புங்கள்.

பாத்திரம், மிக்ஸி பற்றிச் சுருக்கமாக. இண்டக்‌ஷன் அடுப்பில் காந்தம் ஒட்டுகிற அடிப்பாகம் உள்ள பாத்திரம்தான் சூடாகும், ஊரிலிருந்து கொண்டுபோகிற அலுமினியக் குக்கர் அங்கே சும்மா கிடக்கும். ஒரு சின்னக் காந்தத்தை எடுத்துப் போய்க் கடையிலேயே ஒட்டிப் பார்த்து வாங்குங்கள். ஐரோப்பாவில் மின்சாரம் நம் ஊர் போலத்தான், 230 வோல்ட். பிளக்குக்கு மட்டும் எர்த் இணைப்புள்ள அடாப்டர் போதும், மிக்ஸி ஓடும். அமெரிக்கா, கனடாவில் 120 வோல்ட், நம் மிக்ஸி சரிப்படாது, அங்கேயே 120 வோல்ட்டில் ஓடுவதாக வாங்க வேண்டும்.

பெட்டியில் என்ன எடுத்துப் போகலாம் என்று கேட்ட தங்கச்சிக்கு: ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நம் நாட்டிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோக அனுமதியில்லை. நெய்யும் பால்கோவாவும் அதில் அடக்கம். 2019 டிசம்பரிலிருந்து பச்சைக் காய்கறிக்கும் இலைக்கும் தாவரச் சான்றிதழ் கேட்கிறார்கள், தேங்காய் மாதிரி ஒரு சில பொருளுக்குத்தான் விலக்கு. அதனால் வீட்டு மரத்துக் கருவேப்பிலையைப் பெட்டியில் வைக்காதீர்கள். ஆஸ்திரேலியா போகிறவர்கள் எந்த உணவாக இருந்தாலும் படிவத்தில் எழுதிக் காட்டிவிடுங்கள், மறைத்தால் அபராதம். நல்ல வற்றல் மிளகாயும் மிளகும் அரை அரைக் கிலோ, புளி கொஞ்சம், ஓர் அஞ்சறைப் பெட்டி. இவ்வளவு போதும். தேங்காய் எண்ணெயை அங்கேயே வாங்குங்கள். 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறைந்துவிடும், வாயகன்ற பாட்டிலில் ஊற்றி வைத்தால் கரண்டியால் எடுக்கலாம்.

வாசம் பற்றியும் ஒருத்தர் தயங்கித் தயங்கிக் கேட்டிருந்தார். நான் முதல் முறை மிளகாய் வறுத்தபோது எண்ணெய் புகைந்து நடைவழியில் இருந்த அலாரம் அலறி, மாடி முழுக்க ஆட்கள் வெளியே வந்து நின்றார்கள். கை நடுங்கிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு மாதம் எதையும் வறுக்கவே இல்லை, அது என் தப்பு. அலாரத்தை மூடி வைக்காதீர்கள், அது உயிரைக் காப்பாற்றுவது. சன்னலைத் திறந்து, புகை உறிஞ்சியைப் போட்டு, சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுக் குறைந்த தீயில் வறுத்தால் புகை வராது. வறுவலை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் அன்றைக்குக் கடைகள் எல்லாம் அடைப்பு, அதனால் கோழியைச் சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும். நாலு தடவைக்கு உண்டான விழுதை ஒரே நாளில் அரைத்து, சின்னச் சின்ன டப்பாவில் ஃப்ரீசரில் வைத்துவிட்டால் வார நாளில் வேலை முடிந்து வந்து ஒரு மணிக்குள் குழம்பு தயார்.

கல்யாணமாகிப் போகிற பிள்ளை அடுத்த வியாழக்கிழமை கிளம்புகிறாள். நாளைச் சாயங்காலம் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். நான் சும்மா பக்கத்தில் நிற்பேன், வறுக்கப் போவது அவள்தான். தேங்காய் நிறம் மாறுகிற அந்த நேரத்தை எழுத்தில் முழுதாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, கண்ணால் பார்த்துக்கொண்டு போகட்டும். கிளம்ப இருக்கிற மற்றப் பிள்ளைகளும் உங்கள் அம்மா, ஆச்சி, மதினி யாராவது ஒருவர் பக்கத்தில் இருக்கும்போதே ஒரு தடவை கரண்டியைக் கையில் வாங்கிவிடுங்கள்.