பெங்களூர் - துபாய் - லாஸ் ஏஞ்சல்ஸ்: அம்மாவின் இன்சுலின் நேரத்தை எப்படி மாற்றுவது?

கிருஷ்ணகிரியில் இருக்கிற அம்மா ஜனவரியில் அண்ணன் வீட்டுக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் போகிறார். வயது 66. தினமும் இரவு 10 மணிக்கு லாண்டஸ் (சுமார் ஒரு நாள் முழுக்க வேலை செய்யும் இன்சுலின்) 14 யூனிட், ஒரே ஊசி. அந்த ஊசி நேரத்தில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

பெங்களூரில் அதிகாலை 4 மணிக்கு விமானம். துபாய்க்கு நாலு மணி நேரம். அங்கே காலை 8.30க்குக் கிளம்பி லாஸ் ஏஞ்சல்ஸில் மதியம் 1 மணிக்கு இறங்கும் என்று டிக்கெட்டில் இருக்கிறது. பார்த்தால் நாலரை மணி நேரம்தான்! இரண்டு ஊருக்கும் குளிர்காலத்தில் 12 மணி நேர வித்தியாசம், ஆக உண்மையில் பதினாறரை மணி நேரம். தூரமே சுமார் 13,400 கிலோமீட்டர்.

நம்ம ஊர் இரவு 10 மணி வரும்போது அம்மா நடுவானில் இருப்பார், லாஸ் ஏஞ்சல்ஸில் அப்போது காலை 8.30. அந்த ஊசியை அங்கேயே போட்டுவிடலாம், இன்சுலின் பேனா கைப்பையில்தான் வரும். சிக்கல் அதற்கு அப்புறம்தான். லாஸ் ஏஞ்சல்ஸ் இரவு 10 மணிக்கு அடுத்ததைப் போட்டால் இடைவெளி பதின்மூன்றரை மணி நேரம், மறுநாள் இரவு என்றால் முப்பத்தேழரை. இரண்டுமே பயமாக இருக்கிறது.

விமான நிறுவனத்திடம் கேட்டேன், உணவு நேரம் மட்டும் சொன்னார்கள். இங்குள்ள டாக்டர், மணிக்கணக்கை எழுதி எடுத்து வாருங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்றார். எழுதிவிட்டேன், அடுத்த வாரம் போகிறோம்.

தினம் ஒரு ஊசி போடும் பெற்றோரை அமெரிக்க மேற்குக் கரைக்கு அனுப்பியவர்களே, உங்கள் டாக்டர் முதல் சில நாட்களுக்கு ஊசி நேரத்தை எப்படி நகர்த்தச் சொன்னார்?