யாருமில்லாத சீட்டுக்கு பெல்ட் கேட்கும் வண்டி

ஹட்டன் தம்பி: பண்டாரவளை அண்ணே, இருக்கிறீர்களா? வண்டியில் புதுத் தொல்லை ஒன்று. இடப்பக்க முன் சீட்டில் யாரும் இல்லை, ஒரு பை கூட இல்லை, ஆனால் பெல்ட் போடு பெல்ட் போடு என்று பீப் அடித்துக்கொண்டே வருகிறது. தலவாக்கலைக்குப் போய்த் திரும்புவதற்குள் தலைவலியே வந்துவிட்டது.

தலவாக்கலை மாமா: சென் கிளேயார் வளைவில் யாரோ கைகாட்டி ஏறியிருப்பார்கள் மருமகனே, உன் கண்ணுக்குத்தான் தெரியவில்லை 😂

தலவாக்கலை அத்தை: விளக்கு வைக்கிற நேரத்தில் பேசுகிற பேச்சா இது? பிள்ளை அந்த ரோட்டில் தனியாக ஓட்டுகிறான்.

கண்டி மச்சான்: மச்சான், ரொம்ப யோசிக்காதே. பெல்ட்டின் கொக்கி மட்டும் தனியாகக் கடையில் விற்கிறார்கள், வாங்கிச் செருகிவிடு. சத்தம் போய்விடும்.

ஹட்டன் தம்பி: கராஜில் காட்டினேன். சென்சர் போய்விட்டதாம், அது சீட் மெத்தைக்குள் இருக்கிறதாம், தனியாகக் கிடைக்காதாம், முழு சீட்டையே மாற்ற வேண்டுமாம். சொன்ன விலையை இங்கே எழுதினால் அத்தைக்கு பிரஷர் ஏறும்.

பண்டாரவளை அண்ணன்: இப்போதுதான் வேலை முடிந்தது. சீட் மாற்றுகிற பேச்சை அப்படியே நிறுத்து. முதலில் இதைச் சொல், டாஷ்போர்டில் எரிவது எந்த விளக்கு? பெல்ட் போட்ட ஆள் படம் உள்ள சிவப்பு விளக்கா, இல்லை ஆளுக்கு முன்னால் பெரிய உருண்டை இருக்குமே, அந்த எயார்பேக் விளக்கா? இரண்டும் வேறு வேறு. ஒன்றுக்கு வைத்தியம் பார்க்கப்போய் மற்றதைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

ஹட்டன் தம்பி: பெல்ட் விளக்குதான் அண்ணே. எயார்பேக் விளக்கு சாவி போட்டதும் கொஞ்ச நேரம் எரிந்து எப்போதும்போல் அணைந்துவிடுகிறது.

பண்டாரவளை அண்ணன்: அப்படியானால் நல்லது. எயார்பேக் கம்ப்யூட்டர் தன் பக்கம் குறை எதுவும் இல்லை என்று சொல்கிறது. உன்னுடையது ஜப்பானில் ஓடிவிட்டு வந்த ரீகண்டிஷன் வண்டி, அந்த மாதிரி வண்டிகளில் பெரும்பாலும் சீட்டுக்குள் இருப்பது ஒரு சாதாரண பாய்தான். மெல்லிய பிளாஸ்டிக் தாள் இரண்டு, நடுவே சின்ன இடைவெளி, உள்பக்கம் மின்சாரம் ஓடுகிற கோடு அச்சடித்திருக்கும். மேலே பாரம் விழுந்தால் இரண்டு கோடும் ஒட்டும், சர்க்யூட் மூடும், ஆள் உட்கார்ந்துவிட்டார் என்று வண்டி நினைத்துக்கொள்ளும். வீட்டுக் காலிங் பெல் சுவிட்ச் மாதிரி, அவ்வளவுதான். ஆளா மூட்டையா என்று பிரித்துப் பார்க்கிற புத்தியெல்லாம் அதற்குக் கிடையாது.

தலவாக்கலை அத்தை: அதுதான் காஸ் சிலிண்டர் ஏற்றி வரும்போது நம் வண்டியும் கத்துகிறதா?

பண்டாரவளை அண்ணன்: அதேதான் அத்தை. 12.5 கிலோ சிலிண்டர், அதற்கு மேல் இரும்பின் எடை வேறு. ஆனால் சிலிண்டரை முன் சீட்டில் உட்காரவைத்துக் கூட்டி வருவது வேறு பிரச்சினை, அதைப் பற்றி நாம் நேரில் பேச வேண்டும்.

தம்பி, சீட் காலியாக இருக்கும்போதே இடப்பக்க பெல்ட்டை இழுத்து பக்கிளில் மாட்டிவிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பார்.

ஹட்டன் தம்பி: மாட்டினேன். சத்தம் நின்றுவிட்டது, விளக்கும் இல்லை. கழற்றினால் கொஞ்ச தூரத்தில் மறுபடியும் தொடங்குகிறது.

பண்டாரவளை அண்ணன்: அப்போது பக்கிளுக்குள் இருக்கிற சுவிட்ச் சரியாக வேலை செய்கிறது. காலி சீட்டை ஆள் இருக்கிற சீட் என்று யாரோ பொய் சொல்கிறார்கள். அது பாயா, பாயிலிருந்து வருகிற வயரா, அதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். விடாமல் கத்துகிறதா, விட்டு விட்டா?

ஹட்டன் தம்பி: விட்டு விட்டுத்தான். நேர் ரோட்டில் சும்மா வருகிறது, வளைவில் திரும்பினால் பிடித்துக்கொள்கிறது. கராஜில் நிறுத்திக் காட்டியபோது ஒரு பீப் கூட வரவில்லை, அந்த ஆள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

தலவாக்கலை மாமா: வளைவில்தான் என்று நான் முதலிலேயே சொன்னேன் 👻

பண்டாரவளை அண்ணன்: நிறுத்திவைத்தால் வராதுதான். பல வண்டிகளில் சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால்தான் பீப் தொடங்கும். அதனால் சத்தத்தை விடு, விளக்கைப் பிடி. வண்டியைச் சமதரையில் நிறுத்தி ஹேண்ட்பிரேக் போட்டு, எஞ்ஜினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் ஓனில் வை. இடப்பக்க சீட்டைக் கடைசி வரை முன்னால் தள்ளு, பிறகு கடைசி வரை பின்னால் இழு, மெதுவாக. பெல்ட் விளக்கில் கண் இருக்கட்டும்.

ஹட்டன் தம்பி: அண்ணே!! முன்னால் தள்ளும்போது பாதி வழியில் விளக்கு வருகிறது. பின்னால் இழுத்தால் போய்விடுகிறது. மூன்று நான்கு தடவை செய்தேன், அதே இடத்தில்தான்.

கண்டி மச்சான்: ப்ளக் லூஸ் மச்சான். சீட்டுக்கு அடியில் கையை விட்டு அழுத்திவிடு, முடிந்தது.

பண்டாரவளை அண்ணன்: இல்லை. கொஞ்சம் யோசித்துப் பார். இந்தப் பாய் மூடினால்தான் ஆள், திறந்திருந்தால் காலி. ப்ளக் கழன்றால் சர்க்யூட் திறக்கும், அப்போது ஆள் உட்கார்ந்தாலும் வண்டி வாயைத் திறக்காது. இங்கே நடப்பது தலைகீழ், ஆளே இல்லாமல் மூடுகிறது. அதனால் எங்கேயோ இரண்டு வயர் ஒன்றையொன்று தொடுகிறது, அதுவும் சீட் நகரும்போது. மெத்தைக்குள் இருக்கிற பாய் சீட்டோடு சேர்ந்துதான் நகரும், அது எங்கேயும் மாட்டாது. மாட்டுவது அடியில் தொங்குகிற வயர். சீட்டை எப்போதாவது கழற்றினீர்களா?

ஹட்டன் தம்பி: ஆமாம். சின்னவன் ரம்பொடை வளைவில் வாந்தி எடுத்து, சீட்டைக் கழற்றிக் கழுவக் கொடுத்தோம்.

பண்டாரவளை அண்ணன்: கதை முடிந்தது. கழற்றினவர் வயரைப் பிடித்திருந்த கிளிப்பைத் திரும்பப் போட்டிருக்க மாட்டார்.

கனடா சித்தி: மகன், எங்கள் வண்டியிலும் இப்படித்தான். லேப்டாப் பையை முன் சீட்டில் வைத்தால் பயணி எயார்பேக் ஆஃப் என்று ஒரு விளக்கு எரியும். நான் இத்தனை நாள் வண்டி பழுது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பண்டாரவளை அண்ணன்: சித்தி, உங்கள் வண்டியில் இருப்பது வேறு சாமான். அமெரிக்காவில் முன் சீட்டில் இருந்த குழந்தைகள் எயார்பேக் அடித்தே இறந்துபோன பிறகு சட்டத்தை மாற்றினார்கள், 2003 செப்டம்பரிலிருந்து படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. அதற்காகத்தான் உட்கார்ந்திருப்பது பெரிய ஆளா சின்னப் பிள்ளையா என்று எடையைப் பார்த்துப் பிரிக்கிற சென்சரை அந்தச் சந்தைக்குப் போகிற வண்டிகளில் வைத்தார்கள், உங்கள் வண்டியிலும் அதுதான். சில வண்டிகளில் சீட் தண்டவாளத்தின் போல்ட்டிலேயே எடை பார்க்கும், சிலதில் மெத்தைக்குள் ஜெல் பை இருக்கும். எடை குறைவு என்றால் எயார்பேக்கை நிறுத்திவைத்துவிட்டு அந்த விளக்கைப் போடும். பைக்கு எரிவது பழுது இல்லை. நீங்களோ சித்தப்பாவோ நிமிர்ந்து சரியாக உட்கார்ந்த பிறகும் எரிந்தால்தான் பழுது, அப்போது ஒரு நாள் கூடத் தள்ளிப்போடாமல் காட்டுங்கள், ஏனென்றால் மோதினாலும் பை விரியாது. அந்த மாதிரி சீட்டில் நாம் கை வைக்கவும் கூடாது, தடித்த குஷன் போட்டாலே கணக்குத் தப்பும். கழற்றி மாட்டினால் காலி சீட்டை ஸ்கேனர் வைத்து மறுபடியும் பூச்சியம் என்று பழக்க வேண்டும். அப்புறம், பின்பக்கம் பார்க்கிற குழந்தை சீட்டை முன்னால் வைக்கவே வேண்டாம்.

கனடா சித்தி: சரி சரி, அக்காவின் பேரனுக்குப் பின் சீட்டில்தான் மாட்டியிருக்கிறோம்.

ஹட்டன் தம்பி: அண்ணே, ஒன்லைனில் வாங்கிய சின்ன ஸ்கேனர் ஒன்று இருக்கிறது, ஃபோனில் பார்ப்பது. அதில் ஏதாவது தெரியுமா?

பண்டாரவளை அண்ணன்: தெரியாது. அந்த மலிவு ஸ்கேனர்களில் பெரும்பாலானவை எஞ்ஜின் கோட் மட்டும்தான் படிக்கும், எயார்பேக் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. மல்டிமீட்டர் இருந்தால் போதும்.

நாளைக்குப் பகல் வெளிச்சத்தில் செய். சாவியை எடுத்துவிட்டு பெட்டரியின் மைனஸ் பக்கத்தைக் கழற்று. உடனே கையை விடாதே, எயார்பேக் பெட்டிக்குள் கொஞ்ச நேரம் கரண்ட் தங்கும். டொயோட்டா கையேட்டில் 90 விநாடி, ஹொண்டாவில் 3 நிமிடம் என்று போட்டிருப்பார்கள். நீ ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு ஆறுதலாக வா. சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கொனெக்டரோ மஞ்சள் குழாய் போட்ட வயரோ இருந்தால் அதைத் தொடாதே. அது எயார்பேக்கும் பெல்ட்டை இழுக்கிற வெடிமருந்தும் சேர்ந்த லைன். அதில் மீட்டரைக் குத்தினால், மீட்டரிலிருந்து போகிற கரண்டே வெடிக்கவைக்கலாம். உனக்கு வேண்டியது மெத்தைக்கு அடியிலிருந்து வருகிற மெல்லிய இரட்டை வயர். அதன் ப்ளக்கைக் கழற்றி, சீட் பக்கத்தை மட்டும் அள. எது எது என்று சந்தேகம் வந்தால் கழற்றாதே, படம் எடுத்து இங்கே போடு.

ஹட்டன் தம்பி: [படம்]
இதுதானே அண்ணே?

பண்டாரவளை அண்ணன்: அதேதான், கறுப்பு ப்ளக். பக்கத்தில் இருக்கிற மஞ்சளை விட்டுவிடு. மீட்டரை ஓம்ஸில் வை.

ஹட்டன் தம்பி: காலி சீட்டில் ஓ.எல், அதாவது சர்க்யூட் திறந்திருக்கிறது என்று காட்டுகிறது. முழங்காலை ஊன்றி அழுத்தினால் எண் வருகிறது, எடுத்தால் மறுபடியும் ஓ.எல். வயரைப் பிடித்து தண்டவாளப் பக்கம் வளைத்தால் முழங்காலே இல்லாமல் பூச்சியத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது.

பண்டாரவளை அண்ணன்: பார்த்தாயா, பாய் நல்ல உடம்போடு இருக்கிறது. வயர்தான். டோர்ச் அடித்துத் தண்டவாளத்தோடு உரசுகிற இடத்தைப் பார்.

ஹட்டன் தம்பி: [படம்]
கிடைத்துவிட்டது!! இரண்டு வயரிலும் ஒரே இடத்தில் தோல் உரிந்து செம்பு பளபளவென்று தெரிகிறது. தண்டவாளத்தின் ஓரத்தில் கறுப்பு பிளாஸ்டிக் தூள் ஒட்டியிருக்கிறது. கிளிப் போட வேண்டிய ஓட்டை வெறுமையாக இருக்கிறது.

தலவாக்கலை மாமா: இதற்கா முழு சீட்டு என்றார்கள்?

பண்டாரவளை அண்ணன்: பாவம் மாமா, எல்லோரையும் ஏமாற்றுக்காரர் என்று சொல்ல முடியாது. சாமானை மாற்றிப்போட்டே பழகிவிட்டார்கள், அளந்து பார்க்க யாருக்கும் நேரமில்லை. தம்பி, உரிந்த இடத்தை வெட்டி ஈயம் வைத்து ஒட்டி, ஒவ்வொரு வயருக்கும் தனித்தனியாக ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டு. இரண்டு ஒட்டும் அருகருகே வராமல் ஒன்றை மேலே ஒன்றைக் கீழே வை. இன்சுலேஷன் டேப்பை நம்பாதே, நுவரெலியாப் பனிக்கும் ஈரக் குடைக்கும் அதன் பசை சீக்கிரம் விட்டுவிடும். பிறகு மெத்தைக் கம்பியோடு கேபிள் டை போட்டுக் கட்டு, சீட் முழுத் தூரம் போய்வந்தாலும் வயர் இழுபடக் கூடாது. மஞ்சள் லைனில் இப்படி ஒட்டுப் போடுகிற வேலையே கிடையாது, இது நினைப்பூட்டுகிற லைன் என்பதால் சொல்கிறேன்.

கண்டி மச்சான்: என் கொக்கி என்றால் ஒரே நிமிட வேலை 😏

பண்டாரவளை அண்ணன்: உன் கொக்கியைச் செருகி வைத்த வண்டியில் நாளைக்கு அத்தை பெல்ட் போடாமல் ஏறினால் ஒரு சத்தமும் வராது. முன் சீட்டுக்கு பெல்ட் கட்டாயமாகி, 2011இலிருந்து சட்டம் இருக்கிறது, பொலிஸ் பிடித்தால் தண்டம் கட்டிவிடலாம். கினிகத்தேனை இறக்கத்தில் எயார்பேக் விரியும்போது பெல்ட் இல்லாத ஆள் முன்னால் சரிந்துபோய் அதன் மேலேயே மோதுவார். அது உதவி இல்லை, அடி. கழற்றி வீசு.

தலவாக்கலை அத்தை: இவன் வண்டியிலா அது இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரட்டும்.

கண்டி மச்சான்: கழற்றிவிட்டேன் அம்மா, கழற்றிவிட்டேன்.

ஹட்டன் தம்பி: ஒட்டி, கட்டி, ப்ளக் மாட்டி, கடைசியாகத்தான் பெட்டரி போட்டேன். எயார்பேக் விளக்கு வந்து அணைந்தது. சீட்டை முன்னும் பின்னும் தள்ளினேன், பெல்ட் விளக்கு வரவில்லை. தங்கச்சியை உட்காரவைத்தால் வருகிறது, பெல்ட் போட்டால் போகிறது. நானுஓயா வரைக்கும் ஓட்டிவிட்டேன், ஒரு பீப் இல்லை.

பண்டாரவளை அண்ணன்: சரி. கட்டின இடத்தை அடுத்த சேர்விஸில் ஒரு தடவை பார்த்துக்கொள். ஜன்னல் கண்ணாடி, கடிகாரம் செட்டிங் எல்லாம் பெட்டரி கழற்றியதில் மாறியிருக்கும், அதை நீயே செட் பண்ணிக்கொள், அதற்கும் எனக்கு மெசேஜ் போடாதே.